நிலத்தை உளவு பார்க்கும் கருவிக்கு எந்தப் பற்றரி?

உலோகம் கண்டறியும் கருவிக்கு எந்தப் பற்றரியைப் போடுவது, அதை எப்படி மின்னேற்றுவது என்பதெல்லாம் அரசியல் எழுதிப் பழகிய ஒரு பத்திரிகையாளன் தொடவேண்டிய விடயங்களா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். இலங்கையின் வடக்கில் அந்தக் கருவி கடற்கரையில் நாணயம் தேடும் பொழுதுபோக்குச் சாதனம் அல்ல. முகமாலையிலும் கிளாலியிலும் முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, கொதிக்கும் வெயிலில் முழந்தாளிட்டிருக்கும் ஒரு பெண், தன் முன்னால் உள்ள அடுத்த சாண் மண்ணைத் தொடலாமா என்பதை அந்தக் கருவி எழுப்பும் ஒலியைக் கொண்டே தீர்மானிக்கிறார். அந்த ஒலிக்குப் பின்னால் இருப்பவை மூன்று அல்லது நான்கு ரோச் பற்றரிகள்.

அண்மைக்காலத்தில் இந்தக் கேள்வி இரண்டு திசைகளிலிருந்து என்னிடம் வந்தது. பளைக்கு அண்மையில் மிதிவெடி அகற்றும் குழுவொன்றை வழிநடத்தும் ஒருவர், மீள மின்னேற்றக்கூடிய பற்றரிகளைத் தாம் ஒருபோதும் நம்புவதில்லை என்று உறுதியாகச் சொன்னார். மற்றையவர் புலம்பெயர்ந்து வாழும் பழைய நண்பர். 2009 இல் இடம்பெயர்ந்தபோது குடும்பத்தவர் புதைத்துவிட்டு வந்த நகைகளைத் தேடுவதற்கு ஒரு கருவி வாங்கப்போவதாகவும், அதற்கு எந்தப் பற்றரி நல்லது என்றும் கேட்டார். இருவருக்குமான எனது பதில்களில் பெரும்பகுதி ஒன்றுதான். எனினும் நண்பருக்குச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. மிதிவெடி அகற்றும் பணிக்கு மீள மின்னேற்றக்கூடிய பற்றரிகள் பொருத்தமானவையே. ஆனால், அவற்றைப் பராமரிப்பதற்கு ஓர் ஒழுங்கும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆளும் இல்லாத இடத்தில் அவை ஆபத்தானவை. இந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் சொல்பவர்கள் பணத்தைக் கணக்கிடுபவர்கள். இரண்டாவதை மட்டும் சொல்பவர்கள் அந்தக் குழுத் தலைவரைப் போன்று களத்தில் நிற்பவர்கள். அவர்களுடைய அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பற்றரியைப் பற்றிப் பேசும்போது எமது தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு வேறொரு காலம் நினைவுக்கு வராமல் இராது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் மூழ்கியது. வடக்குக்கு எடுத்துச்செல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் எரிபொருளோடும் சீமெந்தோடும் பற்றரியும் இருந்தது. மணிக்கூட்டுக்குப் போடும் ஒரு சிறு பற்றரியைக்கூடச் சோதனைச்சாவடியில் பறிகொடுத்தவர்கள் உண்டு. கள்ளச்சந்தையில் அகப்பட்டால் அதன் விலை கொழும்பு விலையின் பல மடங்காக இருக்கும். பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊற்றி மெழுகால் அடைத்தார்கள். இது மூடநம்பிக்கை அல்ல. அந்நாளைய நாக, காபன் பற்றரிகளில் உள்ளே இருக்கும் பசை காய்ந்துபோவதால் மின்னோட்டம் தடைப்படும். உப்புநீர் அதற்குச் சிறிது நேரம் உயிர் கொடுக்கும். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிப்பெட்டிக்கு மின்சாரம் போகும். பிபிசி தமிழோசையை இவ்வாறு கேட்டுச் செய்தி எழுதியவர்கள் எமது தொழிலில் பலர்.

அந்தப் பற்றரிகளிடம் ஒரு நற்குணம் இருந்தது. அவை சொல்லாமல் சாவதில்லை. வானொலிக் குரல் முதலில் மங்கும். பின்னர் கரகரக்கும். காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தால் இன்னும் கால்மணி நேரம் கேட்கலாம். ஒலிப்பதிவுக் கருவியில் நாடா மெதுவாகச் சுழலத் தொடங்கும். அவ்வாறு பதிவான ஒரு பேட்டியைப் புதிய பற்றரி போட்டுக் கேட்டால், மேடைகளில் சிங்கமெனக் கர்ச்சிக்கும் அரசியல்வாதி சிறுபிள்ளையின் குரலில் கீச்சிடுவார். எங்கள் அலுவலகத்தில் அவ்வாறான ஒரு நாடா நீண்டகாலம் அனைவரையும் சிரிக்கவைத்தது.

இந்த நற்குணத்தை அளவு ரீதியாகச் சொல்லலாம். இன்று கடையில் கிடைக்கும் அல்கலைன் பற்றரி ஒன்று புதிதாக இருக்கும்போது சற்றேறக்குறைய 1.6 வோல்ற்றைக் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அது ஒரு சரிவில் இறங்குவது போல 1.4, 1.3, 1.2 என்று இறங்கி 1 வோல்ற்றுக்குக் கீழே போகும்போது தீர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும். நிக்கல் உலோக ஐதரைட்டு வகையைச் சேர்ந்த மீள மின்னேற்றக்கூடிய பற்றரியின் இயல்பு வேறு. மின்னேற்றியிலிருந்து எடுத்தவுடன் 1.4 வோல்ற்றளவில் இருந்தாலும் விரைவில் 1.25 க்கு இறங்கிவிடும். அதன் பின்னர் தன் ஆயுளின் பெரும்பகுதியை 1.2 வோல்ற்றுக்கு அண்மையிலேயே கழிக்கும். முடிவு நெருங்கும்போது மேசையின் விளிம்பிலிருந்து விழுவதைப் போல விழும்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. நான்கு அல்கலைன் பற்றரிகள் தொடராக இணைந்தால் 6 வோல்ற்று. நான்கு நிக்கல் பற்றரிகள் இணைந்தால் 4.8 வோல்ற்று. அல்கலைனை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட கருவியின் பற்றரி அளவுகாட்டி, முழுமையாக மின்னேற்றப்பட்ட நிக்கல் தொகுதியைப் பார்த்து "பாதிதான் இருக்கிறது" என்று பொய் சொல்லும். அது பாதகமில்லாத பொய். பயனாளி ஏமாந்தாலும் பாதுகாப்பின் பக்கமாகவே ஏமாறுவார். மற்றைய விளைவே கவனிக்கவேண்டியது. அதே அளவுகாட்டி மணிக்கணக்காக அதே இடத்தில் நின்றுவிட்டு, பற்றரி தீரும் எச்சரிக்கையைக் கொடுத்ததும் மிகக் குறுகிய நேரத்தில் கருவி நின்றுவிடும். அல்கலைன் கொடுக்கும் தாராளமான அவகாசத்தை நிக்கல் கொடுப்பதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டும். வோல்ற்றளவு குறைந்தால் கருவியின் கூர்மை குறைந்துவிடும், ஆழத்தில் உள்ளதைக் காணாது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கருவிகளில் பற்றரிக்கும் மின்சுற்றுக்கும் இடையே வோல்ற்றளவைச் சீராக்கும் ஓர் அமைப்பு உண்டு. பற்றரி 6 வோல்ற்றைக் கொடுத்தாலும் 4.8 ஐக் கொடுத்தாலும் சுருளுக்குச் செல்லும் துடிப்பு மாறாது. ஒரு குறித்த எல்லைக்குக் கீழே போகும்போதுதான் கருவி மறுக்கும். ஆகவே 1.2 வோல்ற்றுப் பற்றரி என்பதற்காகவே அது "பலவீனமானது" என்று ஒதுக்குவது நியாயமல்ல. மலிவான, சீராக்கி இல்லாத கருவிகளில் அந்த அச்சம் ஓரளவு உண்மை. கருவியின் கைந்நூல் எவ்வகைப் பற்றரியை அனுமதிக்கிறது என்பதைப் பார்க்காமல் எதையும் போடக்கூடாது.

பளையில் சந்தித்த குழுத் தலைவரின் வாதத்துக்கு வருவோம். அவர் சொன்னது இதுதான்: புதிய அல்கலைன் பற்றரியில் திகதி அச்சிடப்பட்டிருக்கிறது, உறையைக் கிழிக்கும் வரை யாரும் அதைத் தொடவில்லை என்பது தெரியும், மின்னேற்றிய பற்றரி என்றால் நேற்றிரவு எவர் எப்படி ஏற்றினார், மின்சாரம் இடையில் நின்றதா, நான்கும் ஒரே வயதுடையவையா என்பது காலையில் களத்தில் நிற்பவருக்குத் தெரியாது. "எனது பிள்ளைகள்" என்றே தன் குழுவிலுள்ள பெண்களைக் குறிப்பிட்டார். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களும் இப்பணியில் இருக்கிறார்கள். அவருடைய கவலையைச் சிக்கனம் பேசி அடக்கிவிட முடியாது.

அதேவேளை கணக்கொன்றையும் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. மிதிவெடி அகற்றுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கருவிகளில் மைன்லாப் எஃப்3 நான்கு பெரிய 'டி' அளவுப் பற்றரிகளில் இயங்குவது. வலன் விஎம்எச்3 மூன்றில் இயங்குவது. கணக்குக்காக, நான்கு பற்றரிகள் 30 மணி நேரம் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6 மணி நேரம், வாரத்தில் 5 நாள் வேலை என்றால் வாரத்துக்கு ஒரு தொகுதி. நூறு கருவிகள் உள்ள இடத்தில் ஐம்பது வாரங்களில் 20,000 பற்றரிகள். அல்கலைன் 'டி' பற்றரி ஒன்று ஏறத்தாழ 140 கிராம் நிறையுடையது. ஆண்டுக்கு 2,800 கிலோகிராம் கழிவு. அத்தனையும் வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்குபவை. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது இறக்குமதிப் பொருள் எதுவாயினும் என்ன விலைக்குப் போனது என்பதை இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது மிதிவெடி அகற்றும் பணிகள் உலகின் பல நாடுகளில் தடுமாறியதையும் பார்த்தோம். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி நிலங்களைத் துப்புரவாக்க வகுக்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன் 1. பணம் சுருங்கும் காலத்தில், பற்றரிக்குச் செலவிடும் பணம் ஒரு பணியாளரின் சம்பளத்தோடு போட்டியிடுகிறது.

எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் வழி எளிமையானது. கருவியின் எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திராமல், மணிக்கூட்டைப் பார்த்துப் பற்றரியை மாற்றவேண்டும். ஒரு தொகுதி 20 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சோதித்து அறிந்தால், 12 ஆவது மணியில், அது நன்றாகவே இருந்தாலும், ஓய்வு நேரத்தில், பாதுகாப்பான பாதையில் வைத்து மாற்றிவிடவேண்டும். திடீரென விழும் குணமுள்ள பற்றரியை விளிம்பு வரை அழைத்துச் செல்லாமல் இருந்தால் அதன் குணம் எவரையும் தாக்காது. பற்றரியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் சோதனைத் துண்டை வைத்துக் கருவியைப் பரீட்சித்துப் பார்க்கும் நடைமுறை மிதிவெடி அகற்றுவோரிடம் ஏற்கெனவே உள்ளது. அதைவிடப் புதிதாக வேண்டியது ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம், ஒரு குறிப்பேடு, இரவில் மின்னேற்றும் அறைக்குப் பொறுப்பாக சம்பளம் பெறும் ஓர் ஆள். குழுத் தலைவர் கேட்ட "நேற்றிரவு எவர் எப்படி ஏற்றினார்" என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பேட்டில் பதில் இருக்கும்.

அல்கலைன் உறையில் உள்ள திகதியும் அவர் நினைக்கும் அளவுக்குச் சத்தியவாக்கு அல்ல. தகரக்கூரையின் கீழ் மாதக்கணக்கில் வெந்துகிடந்த பற்றரிக்கும் குளிர்ந்த அறையில் இருந்த பற்றரிக்கும் திகதி ஒன்றுதான்.

நிற்க. எந்தப் பற்றரியை வாங்குவது என்ற கேள்விக்கு இனி வருவோம். இந்தச் சந்தையில் பொய் மலிந்திருக்கிறது.

பெரிய 'டி' அளவில் நிக்கல் பற்றரி வாங்குபவர் முதலில் செய்யவேண்டியது அதைக் கையில் தூக்கிப் பார்ப்பது. உண்மையான 'டி' பற்றரியின் கொள்ளளவு 8,000 முதல் 10,000 மில்லியம்பியர் மணி வரை இருக்கும். நிறை 150 கிராமுக்கு மேல். ஆனால், பெயர்பெற்ற நிறுவனங்கள் உட்படப் பலர் விற்பனைக்கு விட்டவற்றில் 2,500 மில்லியம்பியர் மணி மட்டுமே கொண்ட ஒரு சிறு பற்றரியைப் பெரிய கூட்டுக்குள் வைத்து அடைத்தவையும் உண்டு. அவற்றின் நிறை இதில் பாதிகூட இராது. இது சட்டப்படி மோசடி அல்ல. கொள்ளளவு சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், ஒரு நாள் முழுவதும் உழைக்கும் என்று நம்பிப் போட்டால் மதியத்துக்கு முன்னர் கைவிட்டுவிடும்.

பென்ரோச் பற்றரி என்று யாழ்ப்பாணத்தில் நாம் அழைக்கும் 'டபிள் ஏ' அளவில் பொய் எதிர்த்திசையில் போகிறது. பொழுதுபோக்குக் கருவிகளில் பல இந்த அளவையே எடுக்கின்றன. இவ்வளவு சிறிய நிக்கல் கூட்டுக்குள் 2,700 அல்லது 2,800 மில்லியம்பியர் மணிக்கு மேல் அடைக்க முடியாது. நடைபாதைக் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் 3,500, 4,000 என்று அச்சிட்டு விற்கப்படுபவற்றை வாங்குபவர் மையை வாங்குகிறாரே தவிர மின்சாரத்தை அல்ல. என்னைக் கேட்டால், அச்சிட்ட எண் சிறியதாக இருப்பதே நல்ல அடையாளம். 2005 இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் 2,000 மில்லியம்பியர் மணிப் பற்றரியை வெளியிட்டது. அக்காலத்தில் அதைவிடப் பெரிய எண்களோடு பற்றரிகள் கடைகளில் இருந்தன. ஆனால், சாதாரண நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரி சும்மா இருந்தாலே மாதமொன்றில் ஐந்திலொரு பங்கையோ அதற்கு மேலோ இழந்துவிடும். வெப்பமான இடத்தில் இன்னும் விரைவாக இழக்கும். புதிய வகை ஓர் ஆண்டு கழிந்த பின்னும் பெரும்பங்கைத் தக்கவைத்திருந்தது. இன்று பல நிறுவனங்கள் இதே வகையைத் தயாரிக்கின்றன. இலட்சக்கணக்கில் எண்ணை அச்சிட்டிருந்தாலும், அலுமாரியில் வைத்த இடத்திலேயே வற்றிப்போகும் பற்றரியால் களத்தில் என்ன பயன்?

சதுரமான 9 வோல்ற்றுப் பற்றரியை எடுக்கும் பழைய கருவிகளும் உள்ளன. அதன் மீள மின்னேற்றக்கூடிய வடிவத்துக்குள் 1.2 வோல்ற்றுக் கலங்கள் ஆறோ ஏழோ இருக்கும். ஆறு என்றால் 7.2 வோல்ற்று, ஏழு என்றால் 8.4. வெளியே இரண்டுமே "9 வோல்ற்று" என்ற தோரணையில்தான் விற்கப்படும். 8.4 ஐத் தேடி வாங்கவேண்டும். எப்படியாயினும் அதன் கொள்ளளவு 200 மில்லியம்பியர் மணியை அண்டியது. மாற்றுப் பற்றரி இல்லாமல் வெளியே போகக்கூடாது.

இலிதியம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இளைய வாசகர்கள் கோபிப்பார்கள். 'டபிள் ஏ' அளவிலேயே 3.7 வோல்ற்று இலிதியம் பற்றரிகள் கிடைக்கின்றன. அளவு ஒன்று என்பதற்காக அவற்றை 1.5 வோல்ற்றுக்கான கருவியில் போட்டால் கருவி எரிந்துபோகலாம். இன்னொரு வகை, தொலைபேசிக்கான வடத்திலேயே மின்னேற்றக்கூடியது. அதற்குள் இருக்கும் நுண்சுற்று 3.7 ஐ 1.5 ஆகக் குறைத்து, கடைசி நொடி வரை ஒரே அளவில் கொடுத்துவிட்டுச் சடுதியாக அறுத்துக்கொள்ளும். கருவியின் அளவுகாட்டி இறுதிவரை "நிறைந்திருக்கிறது" என்றே சொல்லும். அந்த நுண்சுற்று எழுப்பும் மின் இரைச்சல், மிக நுண்ணிய சைகைகளைக் கேட்கவேண்டிய கருவிக்கு இடைஞ்சலாகவும் அமையலாம். இவ்வாறான பற்றரிகளை ஒரு வானொலிப்பெட்டியின் அருகே வைத்துப் பார்த்தாலே சிலவற்றின் குணம் புரிந்துவிடும். முகமாலை மண்ணில் கிடக்கும் பி4 வகை மிதிவெடியில் உள்ள உலோகம் மிகச் சொற்பம். அதன் மெல்லிய குரலைக் கேட்கவேண்டிய இடத்தில் இரைச்சலுக்கு அனுமதி இல்லை. கருவியைத் தயாரித்தவரே தந்த இலிதியம் தொகுதி என்றால் அது வேறு. அது அக்கருவிக்கென்று வடிவமைக்கப்பட்டது.

மின்னேற்றுவதில் எமது நாட்டின் முதற்பகை வெப்பம். நிக்கல் பற்றரி 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றத்தைச் சரிவர ஏற்பதில்லை. ஏற்றும் மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாகவே போய்விடும். நண்பகலில் தகரக்கொட்டிலுக்குள்ளோ, வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளோ மின்னேற்றுவது பற்றரியை வேகவைப்பதற்கு ஒப்பானது. களத்திலிருந்து சூடாக வந்த பற்றரியை உடனே மின்னேற்றியில் இடாமல் ஆறவிட்டு, இரவில், காற்றோட்டமுள்ள இடத்தில் ஏற்றவேண்டும்.

மின்னேற்றியைத் தெரிவு செய்வதில் ஒரு விடயம்தான் முக்கியம்: ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே கவனிப்பதாக அது இருக்கவேண்டும். மலிவானவை இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும். அவற்றில் ஒன்று முன்னரே நிறைந்தாலும் மற்றையது நிறையும் வரை அடிவாங்கும். இன்னும் மலிவானவை நேரத்தை மட்டுமே எண்ணும். பற்றரி நிறையும்போது அதன் வோல்ற்றளவு உச்சத்தைத் தொட்டு மிகச் சிறிதளவு இறங்கும். நல்ல மின்னேற்றி அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்ளும். மிக மெதுவாக ஏற்றினால் அந்த இறக்கம் கண்ணில் படாமலே போகும் என்பது இதிலுள்ள வேடிக்கை. ஆகவே பற்றரியின் கொள்ளளவில் பத்திலொரு பங்கு மின்னோட்டத்தில் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் நேரக்கணக்கில் ஏற்றலாம். அல்லது பாதிப்பங்கை அண்டிய மின்னோட்டத்தில் அறிவுள்ள மின்னேற்றியைக்கொண்டு ஏற்றலாம். இடைப்பட்ட வழி சிக்கலானது. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், நேரத்தை எண்ணும் மின்னேற்றி ஒவ்வொரு மின்வெட்டின் பின்னரும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கூரையில் சூரியத் தகடும் அதோடு ஒரு பெரிய சேமிப்புப் பற்றரியும் மின்னேற்றும் அறைக்கு ஆடம்பரமல்ல.

"முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும்" என்ற பழைய அறிவுரை நிக்கல் கட்மியம் பற்றரிகளின் காலத்தைச் சேர்ந்தது. கட்மியம் நச்சுப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 இலேயே கையடக்கப் பற்றரிகளில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இன்றைய ஐதரைட்டு வகைக்கு அந்த நோய் பெரிதாக இல்லை. எப்போதாவது, சில மாதங்களுக்கு ஒருமுறை, மின்னேற்றியின் உதவியோடு முழுதாக இறக்கி ஏற்றினால் போதும். அப்போது ஒவ்வொன்றின் உண்மையான கொள்ளளவையும் நல்ல மின்னேற்றி எண்ணால் காட்டும். அந்த எண்ணே குறிப்பேட்டில் எழுதவேண்டிய எண். அட்டையில் அச்சிட்டதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போன பற்றரியைக் கருவியிலிருந்து நீக்கி வானொலிக்கோ ரோச் லைற்றுக்கோ கொடுத்துவிடலாம்.

ஒன்றாக வாங்கிய நான்கு என்றும் ஒன்றாகவே இருக்கவேண்டும். தொடராக இணைந்த நான்கில் ஒன்று பலவீனமானால், அது முதலில் தீர்ந்துபோகும். மற்றைய மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைத் திணித்து அதை எதிர்மாறாகத் திருப்பிவிடும். அதன் பின்னர் அது தேறுவதில்லை. பற்றரிகளில் நிறப் பொட்டு வைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஒரு சிவப்புப் பொட்டுக்காரனைப் பச்சைப் பொட்டுக்காரரோடு சேர்க்காமல் இருக்க வேறு மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கருவியையே பெரிதாக நம்பமுடியாத இடங்களும் முகமாலையில் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 2000 முதல் 2009 வரை முன்னரங்காக இருந்த அந்த மண்ணில் எறிகணைச் சிதறல்கள் நிரம்பிக்கிடப்பதால் கருவி ஓயாமல் ஒலியெழுப்பும். அத்தகைய இடங்களில் நீண்ட பிடியுள்ள வாரிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுத்தே மிதிவெடிகளைத் தேடியிருக்கிறார்கள். கருவி ஓலமிடும் இடத்தில் அதை நிறுத்திவிட்டு வேறு வழி தேடலாம். அது மௌனமாக இருக்கும் இடத்தில்தான் அந்த மௌனத்தின் காரணம் மண்ணா, பற்றரியா என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இப்பணிகளுக்கு நிதி வழங்கும் அரசுகளும், எமது புலம்பெயர் அமைப்புகளும் பெரும்பாலும் கருவியை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளவே விரும்புகின்றன. மின்னேற்றும் அறையைப் படம் எடுப்பவர் எவருமில்லை. நல்ல மின்னேற்றிகள், கருவியொன்றுக்கு மூன்று தொகுதிப் பற்றரிகள், கூரையில் சூரியத் தகடு, இரவுக்கு ஓர் ஆள் என்று எழுதினால் விண்ணப்பத்தின் அந்தப் பகுதியைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதை வெட்டிவிட்டு மீள மின்னேற்றக்கூடிய பற்றரிகளை மட்டும் வாங்கி அனுப்புவதைவிட, அந்தக் குழுத் தலைவர் கேட்பதுபோல அல்கலைனையே பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுப்பது மேல்.

இனி, நகை தேடப் புறப்படும் நண்பருக்குச் சொல்லவேண்டியது. அவருடைய கருவிக்கு, சும்மா இருந்தாலும் வற்றாத வகையில் 2,000 மில்லியம்பியர் மணி கொண்ட எட்டுப் பற்றரிகளும் தனித்தனியே ஏற்றும் ஒரு மின்னேற்றியும் தாராளம். ஆனால், வன்னியில் புதைத்த இடத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், அதன்பின் அந்த இடத்தின் மேல் என்னென்ன விழுந்தன, எவர் எதைப் புதைத்தார் என்பதை அறியமாட்டார்கள். பொழுதுபோக்குக் கருவியின் ஒலியை மட்டும் கொண்டு தங்க வளையலையும் வெடிக்காத எறிகணையையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. மிதிவெடி அகற்றுவோர் கருவி ஒலித்ததும் மண்வெட்டியை எடுப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து, விரல்கடை விரல்கடையாக, உரிய பயிற்சியோடு மண்ணை விலக்குகிறார்கள். அந்தக் காணி துப்புரவு செய்யப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதை மாவட்டச் செயலகத்தில் விசாரித்து உறுதி செய்யாமல் ஒரு கரண்டி மண்ணையும் தோண்டக்கூடாது. புதையல் தேடியதாகப் பொலிஸார் வழக்குத் தொடர்ந்தால், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் முன்னால் "இது எங்கள் அம்மாவின் தாலிக்கொடி" என்று நிரூபிப்பதும் இலகுவல்ல. கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் அறிவித்து, அனுமதி கிடைத்த பின்னரே விமானச்சீட்டை வாங்கும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன். பற்றரிகளைக் கைப்பையிலேயே, முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியுமிருக்கிறேன்.